எல்லின் குறுக்கே ஒரு கோடு

இராப்பணி. க்தினியா துறைமுகத்தில்
மூன்றாம் எண் கிடங்கின் அலுவலகம்.
ஜன்னலுக்கு வெளியே பாரந்தூக்கி ஒன்று
பனிமூட்டத்தையே தூக்கித் தூக்கி இறக்குகிறது.
என் வலது மணிக்கட்டில் பட்டை.
மௌஸைத் தொடாதே என்றிருக்கிறார் மருத்துவர்,
ஆறு வாரம்.

ஆக, விசைகளோடுதான் குடித்தனம்.
கண்ட்ரோல் ஆல்ட் எல்:
திரை நடுவே ஒரு வெள்ளைக் கட்டம் முளைக்கும்.
இரண்டு எழுத்து, கீழ் அம்பு, கீழ் அம்பு, என்டர்.
கேட்டது வந்து நிற்கும்.
இவ்வளவு சொன்னபடி கேட்கிற ஒன்றை
நான் வீட்டிலும் பார்த்ததில்லை.

போகுமிவாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
கண்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டவன் நான்.
யார் என்று க்ஷெசிமிர் கேட்டபோது
அவள் பக்கம் திரும்பிய தலைகளோடு
என் தலையும் திரும்பியது.

அவள் பெயரில் ஓர் எல் உண்டு,
வயிற்றின் குறுக்கே கோடு கிழித்த எல்.
எழுதுவது எல், ஒலிப்பது வ.
வலப்பக்க ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எல் தட்டினால் வரும்;
இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி.
எனக்குத் தெரியாமல் போனது இது:
வலப்பக்க ஆல்ட் ஒன்றை அழுத்தினாலே
கண்ட்ரோலும் ஆல்ட்டும் கைகோத்து வருவதாகக்
கம்ப்யூட்டரின் காதில் விழும்.
இந்தக் குறுக்குவழியை வகுத்த புண்ணியவான்
குறுக்குக்கோடே இல்லாத மொழியில் பிறந்திருக்க வேண்டும்.

திரையைப் பார்க்காமல் தட்டுகிறவன் நான்.
அன்புள்ள போகுமி என்று வந்து
எல்லைத் தொட்டதும் கட்டம் திறந்துகொண்டது.
எங்கள் விளிவேற்றுமையில் அவள் பெயர்
ஓகாரத்தில் முடியும்.
மிச்சமிருந்த ஓ
கடிதத்தில் விழாமல் கட்டத்தில் விழுந்தது.
அதன் பின்னால் ஒரு கமா,
அதன் பின்னால் மன்னித்துவிடு.
என்டர்.

நிமிர்ந்தால், கால்குலேட்டர்.
பூஜ்ஜியத்தைக் காட்டிக்கொண்டு.
எதுவும் பொருந்தாவிட்டால்
கைக்குக் கிடைத்ததைத் திறக்கும் சுபாவம் அதற்கு.

மறுபடி எழுதினேன். மறுபடி ஓ. மறுபடி பூஜ்ஜியம்.
மூன்றாம் தரமும் விரல் என்னை முந்தியது.
நான்காம் தரம் சுதாரித்து எஸ்கேப்பை அழுத்த,
கட்டத்தோடு கடிதத்தையும் சேர்த்து மூடிவிட்டது.

டேப் விசையைப் பிடித்து அமைப்புகளுக்குள் இறங்கினேன்.
டேப், டேப், டேப்.
எந்தப் பொத்தானில் நிற்கிறேன் என்று காட்டும்
மெல்லிய வளையம்
நான்காவதில் காணாமற்போய்
ஏழாவதில் எட்டிப் பார்க்கும்.
இடையில் இருட்டில் நிற்பதுதான் எனக்கு வேண்டியது.
ஷிஃப்ட்டோடு டேப், பின்வாங்கி,
எண்ணித் தட்டி, ஸ்பேஸ்.
புதிய விசைகளை அழுத்தவும், என்றது.

ஆல்ட் ஸ்பேஸ்: அங்கே வேறொருவர் குடியிருக்கிறார்.
கண்ட்ரோல் ஸ்பேஸ்: அங்கும்.
எஃப் பன்னிரண்டு சரக்கு மென்பொருளின் சொத்து.
வீடு தேடி அலைந்தவன்
கடைசியில் ஸ்க்ரோல் லாக்கின் கதவைத் தட்டினேன்.
யாரும் எதற்கும் கேட்காத விசை.
எடுத்துக்கொள் என்றது உடனே.

அதற்குள் ஐந்தே முக்கால்.
கடிதத்தில் ஒரு வரி இல்லை.
பகல்பணி அவளுக்கு. இதே மேஜை, இதே திரை.
நாற்காலியின் சூடு ஆறுமுன் வந்துவிட்டாள்.
விசையை மாற்றியிருக்கிறேன், என்றேன்.
அதை மட்டும்.

சரி என்று ஸ்க்ரோல் லாக்கை அழுத்தினாள்.
சுங்க அனுமதிக் கோப்பு வேண்டும் அவளுக்கு;
அந்தச் சொல் எங்கள் மொழியில்
ஓவில் தொடங்கும். ஒற்றை எழுத்துத் தட்டினாள்.

கட்டம் எதையும் மறப்பதில்லை.
அண்மையில் அதிகம் கேட்டதை முதலில் வைக்கும்.
முதல் வரி: ஓ, மன்னித்துவிடு.
ஓரத்தில் சின்னதாய், மூன்று தடவை.
அதன் கீழே சுங்க அனுமதி.

பட்டை தடுத்த கை உள்ளே போகாமல்
நான் கோட்டை மாட்டிக்கொண்டே இருந்தேன்.
அவள் விரல் கீழ் அம்பின் மேல் இருந்தது.
அழுத்தவில்லை.
என்டர் பக்கமும் போகவில்லை.
வெளியே பாரந்தூக்கி எதையோ
பாதி உயரத்தில் நிறுத்தியிருந்தது.